கார்ப்பல் டன்னல் அறுவை சிகிச்சை: ‘இரண்டு மூன்று நாளில் வேலைக்குப் போகலாம்’ என்பவர்களிடம் எச்சரிக்கை

கார்ப்பல் டன்னல் (மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்பட்டுக் கை மரத்துப்போகும் பிரச்சினை) அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருப்பவர்கள், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் இதைப் படித்துவிடுங்கள். என் வலது கைக்கு எண்டோஸ்கோப்பி முறையில், அதாவது சிறு கீறல் வழியே கேமராக் கருவியை நுழைத்துச் செய்வதாகவும், தழும்பே தெரியாது என்றும், இரண்டு மூன்று நாளில் வழக்கமான வேலைக்குத் திரும்பலாம் என்றும் சொல்லி, ஒரு மருத்துவமனையில் கூடுதல் கட்டணம் வாங்கிக்கொண்டார்கள். கட்டைப் பிரித்தபோது, மணிக்கட்டு மடிப்பில் இருக்க வேண்டிய சிறு கீறலைக் காணோம். உள்ளங்கையில் நீளவாக்கில் கறுப்பு நூல் தையல்கள் வரிசையாக இருந்தன.

கருவியின் வழியே உட்பகுதி தெளிவாகத் தெரியாதபோது உள்ளங்கையைக் கீறித் திறந்து செய்யும் ‘திறந்த முறை’க்கு மாறுவது சரியான மருத்துவ முடிவுதான். அதில் எனக்குக் குறையில்லை. அப்படி மாற நேரலாம் என்று முன்பே சொல்லாததும், மாறிய பிறகும் மறைத்ததும், பில்லில் எண்டோஸ்கோப்பிக் கட்டணத்தை அப்படியே விட்டுவைத்ததும்தான் ஏமாற்று வேலை. கேட்டதற்கு, “எந்த முறையாக இருந்தால் என்ன, நரம்பு விடுபட்டுவிட்டதல்லவா?” என்றார்கள். அப்படியானால் கூடுதல் பணம் எதற்கு என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை.

இரு முறையிலும் அறுக்கப்படுவது மணிக்கட்டு வழியே கைக்குச் செல்லும் மீடியன் நரம்பை அழுத்தும் அதே தடித்த நார்ப்பட்டைதான். எண்டோஸ்கோப்பியில் உள்ளங்கைத் தோல் பெரும்பாலும் தப்பிப்பதால், முதல் சில வாரங்களில் தழும்பு வலி குறைவாக இருக்கும், வேலைக்கும் சற்று முன்னதாகத் திரும்பலாம். சில மாதங்கள் கழிந்தால் பெரிய வேறுபாடு இருப்பதில்லை. நரம்பு தற்காலிகமாகப் பாதிக்கப்படும் வாய்ப்பு எண்டோஸ்கோப்பியில் சற்று அதிகம் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கையை ஊன்றி எழும்போது கட்டைவிரல் மேட்டிலும் சுண்டுவிரல் மேட்டிலும் சுருக்கென்று வரும் வலி எந்த முறையிலும் வரக்கூடியது, சிலருக்கு மூன்று மாதம் வரையிலும் அதற்கு மேலும் நீடிக்கும். பிடிமானம் திரும்புவதற்கும் மாதங்கள் ஆகும். ஈரத்துணியைப் பிழியக்கூட முடியாமல் நான் தவித்தபோது, “மாத்திரை போடுங்கள்” என்பதே தொலைபேசியில் கிடைத்த ஆலோசனை.

அதைவிட மோசமானது டிஸ்சார்ஜ் தாள். ‘கையை அசைக்காமல் வைக்கவும்’ என்று மட்டும் அச்சிட்டிருந்தது. முதல் நாளிலிருந்தே விரல்களை மடக்கி நீட்ட வேண்டும், வீக்கம் வடியக் கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைக்க வேண்டும் என்பதை, விரல்கள் விறைத்த பிறகு வேறிடத்துப் பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தான் அறிந்தேன்.

அறுவை சிகிச்சைக் குறிப்பின் நகலைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். எனக்கு அது பலமுறை அலைந்த பிறகே கிடைத்தது. ‘திறந்த முறை’ என்று அவர்களே அதில் எழுதியிருக்கிறார்கள். கட்டண வித்தியாசம் இன்னும் திரும்பவில்லை.