தொட்டி, முந்திரித் தோல், கடலைத்தோல்: கேசிஃபயருக்கு எது பொருந்தும்?

கொங்குப் பக்கம் கொட்டாங்குச்சியைத் ‘தொட்டி’ என்பார்கள். காங்கேயம் கொப்பரைக் களங்களில் அது குவிந்து கிடக்கும். பண்ருட்டியில் முந்திரித் தோல். கடலை விளையும் ஊர்களில் உடைப்பு மில்லுக்குப் பின்னால் கடலைத்தோல். இதையெல்லாம் கேசிஃபயர் என்ற உலையில் போட்டு ஊருக்குக் கரண்ட் எடுக்கலாமே என்ற யோசனை யாருக்கும் வரும். எடுக்கலாம். ஆனால் எதைப் போடுகிறோம் என்பதைப் பொறுத்து, இன்ஜின் ஓடுமா, போட்ட காசு தேறுமா என்பது மாறிவிடும்.

கேசிஃபயர், எரிபொருளை முழுதாக எரியவிடாமல் பற்றாக்குறைக் காற்றில் வாயுவாக மாற்றுகிறது. அந்த வாயுவில் கிட்டத்தட்ட பாதி நைட்ரஜன். எரிவது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும், கொஞ்சம் மீத்தேனும்தான். அதைக் குளிரவைத்து, கழுவி, வடிகட்டி, கரண்ட் எடுக்கும் இன்ஜினுக்குக் கொடுக்க வேண்டும். சிறிய நிலையங்களில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 1.2 முதல் 1.5 கிலோ வரை எரிபொருள் போகும்.

எரிபொருளாக மட்டும் பார்த்தால் தொட்டியை மற்ற இரண்டும் நெருங்க முடியாது. கனமானது. சாம்பல் பெரும்பாலும் 2 சதவீதத்துக்குள். உடைத்துப் போட்டால் உலைக்குள் சிக்காமல் சீராக இறங்கும். பற்றவைத்ததும் வாயுவை நேராக இன்ஜினுக்கு விடமாட்டார்கள். பக்கத்துக் குழாயில் கொளுத்திப் பார்ப்பார்கள். புகை அடங்கி, சுடர் அணையாமல் நின்று எரிந்த பிறகுதான் வால்வைத் திருப்புவார்கள். காய்ந்த தொட்டி அந்த நிலைக்குச் சீக்கிரம் வந்துவிடும்.

சிக்கல் விலையில் இருக்கிறது. ஒரு காயின் தொட்டி சுமார் 150 கிராம் என்று வைத்துக்கொண்டால், ஒரு யூனிட்டுக்கு எட்டுக் காயின் தொட்டி வேண்டும். அதே தொட்டியைக் கரி சுட்டால் சுமார் 300 கிராம் கரி கிடைக்கும். தொட்டிக்கரிக்கு ஆக்டிவேட்டட் கார்பன் ஆலைகள் காத்திருக்கின்றன. தண்ணீர் வடிகட்டியிலிருந்து தங்கம் பிரிப்பது வரை அதற்கு வேலை இருக்கிறது. அன்றைய கரி விலையில் 300 கிராமுக்கு என்ன வரும் என்று பார்த்து, கரண்ட் பில்லில் ஒரு யூனிட்டின் விலையோடு வைத்துப் பாருங்கள். வாங்க ஆளிருக்கும் ஊரில் தொட்டியை இன்ஜினுக்காகச் செலவழிப்பதை நான் நல்ல யோசனை என்று சொல்லமாட்டேன்.

முந்திரித் தோலின் கதை வேறு. ஒரு துண்டை உடைத்துப் பார்த்தால் இரண்டு தோலுக்கு நடுவே தேன்கூடு போலச் சிறு அறைகள் இருக்கும். அதில் இருப்பது பழுப்பு எண்ணெய், தோலின் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. முந்திரி உடைக்கும் பெண்களின் விரல்களைப் பொசுக்குவதும் இதுதான். பச்சையாக உலையில் போட்டால் இந்த எண்ணெய் தாராக மாறி வாயுவோடு வரும். குளிர்ந்ததும் குழாயிலும் இன்டேக் வால்விலும் கறுப்புப் பசையாக ஒட்டிக்கொள்ளும். அப்புறம் இன்ஜினைப் பிரிக்காமல் வழியில்லை. எண்ணெய் பிழிந்த பிண்ணாக்கு இதைவிடப் பரவாயில்லை. பிழிந்த எண்ணெய்க்கும் பெயின்ட், பிரேக் லைனிங் தொழில்களில் விலை உண்டு.

கடலைத்தோல் மலிவு, ஆனால் இலேசானது. ஒரு டிராக்டர் நிறையக் கொண்டுவந்தாலும் எடை தேறாது. உலைக்குள் தானாகச் சரியாமல் பாலம் கட்டி நின்றுவிடும். பிரிக்கெட்டாக, அதாவது கெட்டியான கட்டியாக அழுத்தினால் சரியாகும். ஆனால் அழுத்துகிற மெஷினே நிறைய மின்சாரம் தின்னும். பிரிக்கெட் ஆலை பக்கத்தில் இல்லாத ஊருக்கு இது வேண்டாம்.

சரி, சோலாரோடு ஒப்பிட்டால்? விளக்கு, ஃபேன், பகல் நேர மோட்டார் இவ்வளவுதான் தேவை என்றால் சோலார்தான். ஒரு கிலோவாட் பேனல் நம் பக்கம் நாளுக்கு 4 யூனிட் அளவில் கொடுக்கும்; எரிபொருள் உடைக்க, சாம்பல் அள்ள ஆள் வேண்டாம். கேசிஃபயர் ஓடிய ஊர்களும் உண்டு. கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்தில் ஹோசஹள்ளி கிராமத்தில் 1988-இல் இந்திய அறிவியல் கழகம் 3.7 கிலோவாட் கேசிஃபயரை நிறுவியது. விளக்கு, குடிநீர், மாவு மில் என்று ஆண்டுக்கணக்கில் ஓடியது. ஊரே விறகுக்கென்று மரம் வளர்த்ததும் அதற்கு ஒரு காரணம். கோவை மாவட்டத்தின் ஓடந்துறை ஊராட்சியும் குடிநீர் மோட்டாருக்கு 9 கிலோவாட் கேசிஃபயர் வைத்தது. பிறகு 2006-இல் 350 கிலோவாட் காற்றாலைக்குப் போனது. பீகாரில் 2007-இல் நெல் உமியில் தொடங்கிய ஹஸ்க் பவர் நிறுவனமும் பின்னாளில் சோலாரைச் சேர்த்துக்கொண்டது.

இரண்டு விஷயங்களை யாரும் விட்டுவிடக் கூடாது. வாயுவைக் கழுவிய தண்ணீரில் ஃபீனால் என்ற நச்சுப்பொருள் இருக்கும். அதை வாய்க்காலில் விடக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. மூடிய கொட்டகைக்குள் கேசிஃபயர் வைத்தால் கசிவு தெரிவதற்குள் ஆள் விழுந்துவிடுவார்.

கேசிஃபயருக்கு உண்மையான இடம், தோலும் சூட்டுத் தேவையும் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கும் இடம் என்பேன். முந்திரி ஆலையில் கொட்டையை அவிக்க நீராவி வேண்டும், பருப்பை உலர்த்தச் சூடு வேண்டும். வாயுவைச் சூடாகவே பர்னரில் எரித்தால் தாரும் சேர்ந்து எரிந்துவிடும். இன்ஜினுக்குத் தேவையான அளவு சுத்தம் தேவையில்லை. பண்ருட்டியில் ஆலை வைத்திருப்பவர் என்னைக் கேட்டால், தோலைப் பிழிந்து, பிண்ணாக்கில் முதலில் பாய்லரை ஓட்டச் சொல்வேன். ஒரு வருஷம் அது சீராக ஓடி, பிண்ணாக்கும் மிஞ்சினால் அப்புறம் இன்ஜின் வாங்கட்டும்.