டாப் மாற்றக் கொடுக்கும் முன் வடிகால் துளையைப் பாருங்கள்: எனக்கு நடந்தது

பிரேக்கை மிதித்தால் எங்கோ தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்டது. பின்னால் கிடந்த தண்ணீர் பாட்டில் என்று நினைத்து, அதை எடுத்து வெளியே வைத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். அப்போதும் கேட்டது. வளைவில் திரும்பினால் ஒரு மாதிரி, பிரேக் போட்டால் இன்னொரு மாதிரி. அது கதவுக்குக் கீழே வண்டியின் உடம்புக்குள்ளேயே தேங்கி நின்ற மழைத்தண்ணீர் என்று தெரிய எனக்கு இரண்டு வாரம் ஆனது. அதை அங்கே தேங்க வைத்தவர்கள், என் திறந்த காரின் மடிக்கும் துணிக்கூரையை, அதாவது டாப்பை, ஒழுகாமல் செய்து தருகிறேன் என்று என்னிடம் பணம் வாங்கியவர்கள்.

கடையின் பெயரை எழுதப் போவதில்லை. ஆனால் நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன். மடிக்கும் துணி டாப் உள்ள வண்டி வைத்திருப்பவர்கள், வாங்க நினைப்பவர்கள் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

என்னுடையது இரண்டு இருக்கை உள்ள பழைய வண்டி. நான்கு வருடமாக வெயில், மழை, பனி, புழுதி என்று எல்லாவற்றிலும் ஓட்டுகிறேன். வானம் தெளிந்த நாளில் மட்டும் வெளியே எடுக்கும் ஆள் இல்லை நான். குளிரில் கண்ணாடியை ஏற்றி, ஹீட்டரைக் காலுக்குத் திருப்பிவிட்டு, டாப்பை இறக்கி ஓட்டுவதுபோல ஒரு சுகம் எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை. தூறலில்கூட, சாலை காலியாக இருந்தால், முன் கண்ணாடியின் மேல் ஏறிப் போகும் காற்று துளிகளைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு போய்விடும். சிக்னலில் நின்றால்தான் நனைவோம். அந்தக் காற்றே பின்னால் சுழன்று திரும்பி வந்து பிடரியில் அடிக்கும். அதற்கு இருக்கைக்குப் பின்னால் ஒரு வலைத் தடுப்பு போதும். இதையெல்லாம் பழகிக் கற்றுக்கொண்டவன்தான் நான். அப்படியும் ஏமாந்தேன்.

பழைய டாப்பின் பின்பக்க பிளாஸ்டிக் ஜன்னல் மஞ்சளாகி, இரவில் பின்னால் வரும் விளக்குகள் வெறும் புகையாகத் தெரிய ஆரம்பித்தன. வெயிலின் புறஊதாக் கதிர் அந்த பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கும். மடிக்கும் இடத்தில் கோடு விழும், பிறகு அந்தக் கோட்டிலேயே விரிசல் வரும். மூலைத் தையலும் விட்டுப்போயிருந்தது. சரி, மாற்றிவிடலாம் என்று விசாரித்ததில் ஒருவர் இந்தக் கடையைச் சொன்னார்.

கடையில் எனக்கு ஒரு மாதிரித் துணி காட்டினார்கள். உள்ளங்கை அளவு துண்டு. வெட்டிய விளிம்பைப் பார்த்தால் மூன்று அடுக்கு தெளிவாகத் தெரிந்தது: மேலே நெய்த அக்ரிலிக், நடுவில் கறுப்பாக மெல்லிய ரப்பர், அடியில் உள்துணி. நல்ல டாப் துணி இப்படித்தான் இருக்க வேண்டும். தண்ணீரை உண்மையில் தடுப்பது அந்த நடு ரப்பர். "இதேதான் சார் போடுவோம், நூல்கூட வெயிலுக்கு இற்றுப்போகாத பாலியஸ்டர் நூல்" என்றார் உரிமையாளர். நான் நம்பினேன். பில்லில் "டாப் மாற்றும் வேலை" என்று ஒரே வரி. துணியின் பெயர் இல்லை, நூல் இல்லை, உத்தரவாதம் இல்லை. அந்த ஒரு வரியை வாங்கிக்கொண்டு வந்ததுதான் நான் செய்த முதல் தவறு.

வண்டி ஒன்பது நாள் அங்கே இருந்தது. கடைசி நாள் நல்ல குளிர், வெளியே மழை வேறு. அந்தக் குளிரிலேயே டாப்பை இழுத்து மாட்டியிருக்கிறார்கள். கொக்கி எட்டவில்லை என்று இரண்டு பேர் தொங்கி இழுத்ததை நானே பார்த்தேன். துணி டாப்பையும் வினைல் என்கிற பிளாஸ்டிக் டாப்பையும் இருபது டிகிரிக்கு மேல் உள்ள சூட்டில், வெயிலில் கொஞ்ச நேரம் விரித்து வைத்த பிறகு மாட்ட வேண்டும். குளிரில் சுருங்கி விறைத்திருக்கும்போது இழுத்தால், பாரம் எல்லாம் தையலுக்கும் ஜிப்புக்கும் போகும். அன்றைக்கு எனக்கு அது தெரிந்திருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.

முதல் மழையிலேயே இடது முழங்காலுக்கு நேர் மேலே சொட்டியது. திரும்பிக் கொண்டுபோனேன். ஏதோ ஸ்ப்ரே அடித்துக் கொடுத்தார்கள். அடுத்த மழையில் இருக்கைக்குப் பின்னால் ஈரம். மறுபடி கொண்டுபோனேன். அப்போதுதான் அந்த வாக்கியத்தைச் சொன்னார்கள்: "திறந்த வண்டின்னா ஒழுகத்தான் சார் செய்யும்." சொல்லிவிட்டு, ஒரு நாள் விடுங்கள், நிரந்தரமாகச் சரிசெய்து தருகிறோம் என்றார்கள். விட்டேன். வண்டி திரும்பி வந்ததும் நானே பைப்பில் தண்ணீர் அடித்துப் பார்த்தேன். மேலிருந்து சொட்டு இல்லை. மனதார நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. காலையில் வண்டியைத் திறந்தால் கண்ணாடிகள் எல்லாம் உள்பக்கம் வியர்த்திருக்கும். ஏசி போட்டால் தெளியும், நிறுத்தினால் மறுபடி மூடும். ஏசி காற்றின் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் அது தற்காலிகமாகக் காப்பாற்றியது, அவ்வளவுதான். அப்புறம் ஈரச் சாக்கு போல ஒரு வாடை. நான் நனைந்த ஜாக்கெட்டைச் சந்தேகப்பட்டேன், கால் மேட்டைச் சந்தேகப்பட்டேன். தரை கார்பெட்டைத் தொட்டால் காய்ந்தே இருந்தது. கடைசியில் அந்த அலம்பல் சத்தம்.

வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். வயதானவர், பேச்சு குறைவு. அவர் முதலில் டாப்பைப் பார்க்கவே இல்லை. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தார். எப்போதும் உருளைக்குள் சுருண்டு கிடக்கும் அந்தக் கடைசி ஒரு சாண் நாடா பழுப்பாகக் கறைபட்டு, கரும்புள்ளி பூத்து, ஈரமாக இருந்தது. "தண்ணி இங்கதான் தம்பி நிக்குது" என்றார். இருக்கையைக் கழற்றி கார்பெட்டைத் தூக்கினார். மேலே காய்ந்திருந்த கார்பெட்டுக்கு அடியில் இரண்டு விரல் கனத்துக்கு ஃபோம். அதை அவர் கையால் பிழிந்தபோது, துவைத்த போர்வையைப் பிழிவதுபோலத் தண்ணீர் கொட்டியது. அதன் கீழே ஓடும் ஒயர்களின் இணைப்பில் செம்பு பச்சை பூத்திருந்தது.

பிறகு டார்ச் எடுத்துக்கொண்டு, டாப் மடிந்து உட்காரும் குழிக்குள் தலையை விட்டார். சற்று நேரம் கழித்து என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு மூலையிலும் இருக்க வேண்டிய வடிகால் துளைகள் இல்லை. அந்த இடத்தில் ஓட்டை அடைக்கும் கறுப்பு சிலிக்கான் பசை. வலது பக்கத்து சிலிக்கானில், அழுத்திய கட்டைவிரலின் ரேகை அப்படியே பதிந்திருந்தது. இதை எழுதும்போதுகூட அந்த ரேகைதான் கண்ணில் நிற்கிறது. தெரியாமல் விழுந்த அடைப்பு இல்லை அது. ஒருவர் குனிந்து, துளையைக் கண்டுபிடித்து, நிரப்பி, விரலால் அழுத்தி மூடியிருக்கிறார்.

திறந்த வண்டியைச் செய்தவர்கள் மழை உள்ளே வரவே வராது என்று நினைத்துச் செய்யவில்லை. எப்படியும் கொஞ்சம் வரும் என்று தெரிந்தே, அது வெளியே போக வழி வைத்திருக்கிறார்கள். 1989-ல் வந்த முதல் மாஸ்டா எம்எக்ஸ்-5-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். டாப்பின் பின் விளிம்புக்கு அடியில் ஒரு சின்ன வாய்க்கால் ஓடும். அதில் விழும் மழை இரண்டு மூலைக்கும் போய், குழாய் வழியாக வண்டிக்கு அடியில் தரையில் விழும். ஜீப் ராங்லரில் தரையிலேயே கழற்றக்கூடிய அடைப்பான்கள் உண்டு. உள்ளே தண்ணீர் சேர்ந்தால் அதைக் கழற்றி வடித்துவிடலாம். வண்டிக்கு வண்டி வழி மாறும், ஆனால் வழி இருக்கும். அந்த வழியில் இலைச் சருகும் மண்ணும் சேர்ந்து அடைத்தாலே ஆபத்து. இங்கே கையால் அடைத்திருக்கிறார்கள். வாய்க்காலில் விழுந்த தண்ணீர் போக இடமில்லாமல் நிரம்பி, ஓசையில்லாமல் தரைக்கும் கதவுக்குக் கீழே உள்ள பெட்டிச் சட்டத்துக்கும் இறங்கியிருக்கிறது. மேலே சொட்டு நின்றதாக நான் நன்றி சொன்ன நாளிலிருந்து கீழே குளம் கட்டிக்கொண்டிருந்தது.

அந்தப் பெட்டிச் சட்டம் எவ்வளவு முக்கியம் என்று பலருக்குத் தெரிவதில்லை. மூடிய காரில் கூரையும் பாரம் தாங்கும். கூரை இல்லாத வண்டியில் அந்த வேலையையும் சேர்த்து, இரண்டு பக்கமும் கதவுக்குக் கீழே ஓடும் இந்தச் சட்டங்கள்தான் செய்கின்றன. அதற்காகவே அதைக் கூடுதல் தகடு வைத்துப் பலப்படுத்தியிருப்பார்கள். அது உள்ளிருந்து துருப்பிடித்தால் வெளியே பெயின்ட் பளபளவென்றே இருக்கும். மெக்கானிக் என் வண்டியை ஒரு பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கி, கதவைத் திறந்து மூடச் சொன்னார். சரியாக மூடியது. இன்னும் ஒரு மழைக்காலம் போயிருந்தால் மூடியிருக்காது என்றார். உடம்பு நடுவில் தொய்ந்து, கதவு சட்டத்தில் உரசுமாம். பழைய திறந்த வண்டி வாங்கப் போகிறவர்கள் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். அப்படியே சீட் பெல்ட்டையும் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். கார்பெட்டை ஷாம்பூ போட்டு, வாசனை அடித்து, காயவைத்துக் காட்டிவிடலாம். பெல்ட்டின் கடைசிச் சாணைத் துவைக்க யாருக்கும் தோன்றுவதில்லை.

டாப்பையும் கழற்றிப் பார்த்தோம். மடித்துத் தைத்த விளிம்பை ஓரிடத்தில் பிரித்தால், மூன்று அடுக்கும் இல்லை, ரப்பரும் இல்லை. ஒரே துணி, பின்னால் வெள்ளைப் பூச்சு. மடிப்பு விழுந்த இடங்களில் அந்தப் பூச்சு மாவாக உதிர்ந்தது. வெயிலுக்கு வாசலில் கட்டும் விதானத் துணி மாதிரி. மாதிரிக்குக் காட்டியது ஒன்று, போட்டது வேறு.

திரும்பக் கடைக்குப் போனேன். படங்களைக் காட்டினேன். உரிமையாளர் கோபப்படவே இல்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "நீங்கதானே சார் ஒழுகுதுன்னு சொன்னீங்க? அந்த ஓட்டை வழியாதான் தண்ணி வருதுன்னு பையன் சொன்னான், அடைச்சோம்" என்றார். அது தண்ணீர் போகிற வழி என்று சொன்னேன். "நீங்க மழையில ஓட்டாம இருந்திருக்கலாம்" என்றார். துணியைப் பற்றிக் கேட்டபோது, பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னையே படிக்கச் சொன்னார்.

ஆகவே, டாப் வேலைக்குக் கொடுக்கும் முன் துணி எத்தனை அடுக்கு, நூல் என்ன, ஜன்னல் என்ன பொருள் என்பதை பில்லில் எழுத்தில் வாங்குங்கள். மாதிரித் துண்டில் பாதியை வெட்டிக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் விளிம்போடு ஒப்பிட அது உதவும். கொடுக்கும் அன்றைக்கு ஒரு டம்ளர் தண்ணீரை ஒவ்வொரு வடிகால் துளையிலும் ஊற்றி, அடியில் விழுவதை வீடியோ எடுங்கள். வாங்கும் அன்றைக்கும் அதையே செய்யுங்கள், பணம் கொடுப்பதற்கு முன். தண்ணீர் அடித்துச் சோதிக்கும்போது எடுத்தவுடன் மேலிருந்து அடிக்காதீர்கள். கீழிருந்து ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போனால்தான் எந்த இடத்தில் நுழைகிறது என்று தெரியும். ஒழுகலுக்குக் காரணம் சொல்லாமல் சீலன்ட் டியூபை எடுக்கும் ஆளிடம் வண்டியை விடாதீர்கள். கதவு, கண்ணாடி விளிம்புகளில் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் பட்டையான பீடிங் காய்ந்திருக்கலாம், கதவுக் கண்ணாடி பீடிங்கில் சரியாக உட்காராமல் இருக்கலாம், தையல் விட்டிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

நம் பக்கம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. நனைந்த டாப்பை மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். பிளாஸ்டிக் ஜன்னலைக் கடும் குளிரில் மடித்தால் கண்ணாடி மாதிரியே உடையும். அம்மோனியா கலந்த கிளீனர் அதில் படவே கூடாது. சோப்புத் தண்ணீரும் மென்மையான துணியும் போதும். பீடிங்குக்கு பெட்ரோலிய கிரீஸ் தடவாதீர்கள், ரப்பர் ஊதிப்போகும். மரத்தடியில் நிறுத்துகிறவர்கள் மாதம் ஒருமுறை வடிகாலைப் பாருங்கள். கம்பி விட்டுக் குத்தினால் குழாய் கிழியும். வளையக்கூடிய மெல்லிய நைலான் குழாயை மெதுவாக விட்டாலே சருகு நகர்ந்துவிடும்.

என் புகாரை எழுத்தில் கொடுத்திருக்கிறேன். மாதிரித் துணி என்னிடம் இல்லை. அந்த ஒரு வரி பில்லும் படங்களும்தான் இருக்கின்றன. வேறு டாப் தைக்க ஆள் பார்த்துவிட்டேன். அவர் வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்து வரச் சொல்லியிருக்கிறார்.

வடிகாலைச் சுத்தம் செய்ய மெக்கானிக்குக் கிட்டத்தட்ட ஒரு நாள் பிடித்தது. சிலிக்கானைத் துண்டு துண்டாகக் கிள்ளி எடுத்தார். கட்டைவிரல் ரேகை பதிந்த துண்டை மட்டும் கேட்டு வாங்கி, ஒரு கவரில் போட்டு பில்லோடு வைத்திருக்கிறேன். கடைசியில் அவர் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினார். நான் தரையில் படுத்துக்கொண்டு பார்த்தேன். முதலில் கறுப்பாக நாலு சொட்டு, அப்புறம் மண், அப்புறம் தெளிந்த தண்ணீர், பின் சக்கரத்துக்கு முன்னால் தரையில் கம்பியாக விழுந்தது.