திரையும் கணினியும் ஒரே உடலிலா, தனித்தனியாகவா? கொழும்பில் தொழிலுக்கு வாங்குபவர்களுக்காக

தொழிலுக்குக் கணினி வாங்க வேண்டும், ஓல்-இன்-வன் எடுக்கவா, சிபியூ வேறு மொனிட்டர் வேறாக எடுக்கவா என்று வெள்ளவத்தையில் கேட்பவர்களுக்கு நான் பெரும்பாலும் சொல்வது, தனித்தனியாக எடுங்கள் என்றுதான். ஆனால் எல்லோருக்கும் அது பொருந்தாது. இன்றைய விலையில் இரண்டு மூன்று மாத வருமானத்தை விழுங்கக்கூடிய முடிவு இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

முதலில் வயதுக் கணக்கு. நல்ல மொனிட்டர் ஒன்று எட்டுப் பத்து வருடம் தாராளமாக உழைக்கும். கணினிக்கு அவ்வளவு ஆயுள் இல்லை. பழுதாகாவிட்டாலும் மென்பொருள் அதை ஓரங்கட்டிவிடும். 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு வின்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்தியது. வின்டோஸ் 11 போட வேண்டுமென்றால், இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறைச் சிப்பாவது வேண்டும். 2017 இல் ஏழாம் தலைமுறைச் சிப்போடு வாங்கிய கணினிகள் பெரும்பாலும் இதில் அடிபட்டுப் போயின. அந்த வருடம் சிபியூவும் மொனிட்டரும் தனித்தனியாக வாங்கிய கணக்காளர் இப்போது பெட்டியை மட்டும் மாற்றினால் போதும். ஓல்-இன்-வன் வாங்கியவர் ஒரு கீறல்கூட விழாத திரையையும் சேர்த்துக் கழிக்க வேண்டியிருக்கிறது.

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் கவலை தருவது ஆப்பிளின் ஓல்-இன்-வன்னான 27 அங்குல ஐமெக். 2014 இன் இறுதியில் 5கே திரையோடு வந்து, 2022 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வரிசை அது. 5120க்கு 2880, அதாவது ஏறத்தாழ ஒரு கோடியே 47 லட்சம் பிக்சல். அச்சு வேலை செய்பவர்களுக்கு இன்றைக்கும் அப்படி ஒரு திரை லேசில் கிடைக்காது. ஆனால் அதன் 2017 மொடலுக்கு மெக் இயங்குதளத்தின் வென்சுரா பதிப்போடு கதவு மூடிவிட்டது, அதற்குப் பிந்திய பதிப்புகளை அதில் போட முடியாது. சரி, திரையை மட்டும் வைத்துக்கொண்டு புதிய மெக் ஒன்றைச் சொருகலாமா என்றால் அதற்கும் வழியில்லை. பழைய ஐமெக்குகளை மொனிட்டராகப் பாவிக்க உதவிய டார்கெட் டிஸ்பிளே மோட், 5கே திரை வந்தபோதே எடுக்கப்பட்டுவிட்டது. உள்ளே இருப்பதைக் கழற்றிவிட்டு, சீனாவிலிருந்து வரும், திரையை இயக்கும் டிரைவர் போர்ட் ஒன்றைப் பூட்டி அந்தத் திரையை மீட்பவர்கள் இருக்கிறார்கள். கை பழகியவர்களுக்குச் சரி. நாளைக்கு அழைப்பிதழ் கொடுக்க வேண்டிய கொட்டாஞ்சேனை அச்சகக்காரருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

வின்டோஸ் ஓல்-இன்-வன்களில் சிலவற்றுக்கு எச்.டி.எம்.ஐ. உள்ளீடு உண்டு. அது இருந்தால் உள்ளே இருக்கும் கணினி செத்தாலும் திரையை மொனிட்டராகப் பாவிக்கலாம். ஆனால் பின்னால் எச்.டி.எம்.ஐ. துளை ஒன்று இருப்பதை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். பெரும்பாலும் அது வெளியீடாகத்தான் இருக்கும். உள்ளே எடுக்கிறதா, வெளியே கொடுக்கிறதா என்று கடையில் ஒரு லெப்டொப்பைச் சொருகிக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்து, பழுது. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஒரு திருத்தும் கடையில் மெல்லிய ஓல்-இன்-வன் ஒன்றைத் திறப்பதை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். திரைக்கும் உடலுக்கும் இடையில் ஆணி எதுவும் கிடையாது. சுற்றிவர ஒட்டுப் பட்டிதான். சிறிய பிளாஸ்டிக் சக்கரம் பூட்டிய கருவியைக் கண்ணாடி விளிம்புக்குள் விட்டு, இரண்டு பக்கமும் மேல் பக்கமும் மெதுவாக உருட்டி உருட்டி அறுத்தார் அந்தத் தம்பி. கொஞ்சம் ஆழமாகப் போனால் உள்ளே கேபிள், கொஞ்சம் அழுத்தினால் கண்ணாடியில் வெடிப்பு. மேற்பக்கம் விடுபட்டதும் திரையை முழுதாகத் தூக்கவில்லை. ஒரு கையளவு சரித்துப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் உள்ளே இருந்த கேபிள்களைக் கழற்றிய பிறகுதான் எடுத்தார். அப்புறம் பழைய பசையைச் சுரண்டி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, புதிய பட்டியை ஒவ்வொரு துண்டாக ஒட்டினார். இவ்வளவும் ஒரு ஹார்ட் டிஸ்க்கை மாற்றுவதற்கு. சாதாரண டவர் பெட்டியில் பக்க மூடியைக் கழற்றினால் நான்கு ஆணியோடு முடிகிற வேலை.

எல்லா ஓல்-இன்-வன்களும் இப்படி ஒட்டப்பட்டவை அல்ல. எச்பி, லெனோவோ, டெல் போன்றவற்றின் அலுவலக மொடல்கள் பலவற்றைப் பின்மூடி வழியாகத் திறக்கலாம். ரேமும் எஸ்எஸ்டியும் மாற்றக்கூடியதாக இருக்கும். ஆனால் மதர்போர்டோ மின்வழங்கியோ போனால் அந்த மொடலுக்கென்று செய்த துண்டுதான் வேண்டும். அது கொழும்பில் கையிருப்பில் இருக்காவிட்டால் வரவழைக்க வேண்டும். வாரங்கள் ஆகலாம். அதுவரை உங்கள் திரையும் கடை அலுமாரியில்தான் இருக்கும். தனி மொனிட்டர் வைத்திருப்பவர் அன்று மாலையே யாரிடமாவது ஒரு லெப்டொப்பை இரவலாக வாங்கிச் சொருகி வேலையைத் தொடரலாம். நவம்பர் 30க்குள் வருமான வரி விவரத்திரட்டுகளை ஒப்படைக்க ஓடிக்கொண்டிருக்கும் வரி ஆலோசகர் ஒருவருக்கு இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று விளக்க வேண்டியதில்லை.

இனி விலை. இங்கே ஓல்-இன்-வன் பக்கம் இருக்கும் நியாயத்தை மறைக்கக் கூடாது. அமெரிக்க விலையில் பார்ப்போம்: 2024 இல் எம்4 சிப்போடு வந்த ஐமெக் 1,299 டொலரில் தொடங்கியது. 24 அங்குல வகுப்பில் 4.5கே திரை, கீபோர்ட், மவுஸ், கெமரா, நல்ல ஸ்பீக்கர் எல்லாம் அதற்குள் அடக்கம். அதே வருடம் வந்த எம்4 மெக் மினி, அதாவது திரை இல்லாத ஆப்பிளின் சிறிய பெட்டி, 599 டொலர். அதோடு ஆப்பிளின் சொந்த 5கே மொனிட்டரான ஸ்டூடியோ டிஸ்பிளேயைச் சேர்த்தால், அது 2022 இல் வந்தபோது இருந்த 1,599 டொலரோடு மொத்தம் 2,198. ஆப்பிள் திரைதான் வேண்டும் என்பவருக்கு ஐமெக் மிக மலிவு.

ஆனால் மினியோடு 300, 400 டொலருக்குள் ஒரு 27 அங்குல 4கே மொனிட்டரையும், கீபோர்ட், மவுஸ், வெப்கேம் வகையறாவையும் சேர்த்தால் ஏறக்குறைய 1,100 டொலரில் முடித்துவிடலாம். முதல் தடவை மிச்சம் 200 டொலர்தான். அதற்காகத் திரையின் கூர்மையில் ஒரு படி கீழே இறங்கவும் வேண்டும். கணக்கு மாறுவது ஐந்தாறு வருடத்துக்குப் பிறகு இரண்டாவது தடவை வாங்கும்போது. ஐமெக்காரர் இன்னொரு 1,299 போட வேண்டும். மினிக்காரர் 599 போட்டால் போதும். இரண்டு தடவையும் சேர்த்தால் 2,598க்கு 1,699. ஏறத்தாழ 900 டொலர் இடைவெளி. டொலர் 300 ரூபா என்று வைத்தால் இரண்டு லட்சத்து 70 ஆயிரம் ரூபா. இங்கே 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதமாக இருக்கும் வற் வரியும் கடைக்காரரின் இலாபமும் இதற்கு மேலே.

டொலர் அன்றைக்கும் 300 ரூபாவாகவே இருக்கும் என்றும் யாரும் உறுதி சொல்ல முடியாது. 2022 தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்தது, அந்த வருடமே 360 ரூபா வரை ஏறியதை எல்லோரும் அனுபவித்தோம். பொருளின் பாதியை மட்டும் மாற்றினால் போதும் என்ற நிலையில் இருப்பது இந்த நாட்டில் ஒரு பாதுகாப்பு. நான் தனித்தனியாக வாங்கச் சொல்வதற்கு இதுதான் முதல் காரணம்.

திரையின் தரத்துக்கு வருவோம். கடையில் 27 அங்குல ஓல்-இன்-வன் பார்க்கப் பெரிதாக, வடிவாக இருக்கும். மலிவு மொடல்களில் அதில் இருப்பது 1920க்கு 1080 பிக்சல் மட்டுமே. கணக்குப் போட்டால் அங்குலத்துக்கு 82 பிக்சல் அளவில் வருகிறது. அதே 27 அங்குலத்தில் 4கே என்றால் 163, ஐமெக்கில் 218. ஆங்கில எழுத்துக்கு 82 போதும் என்று சிலர் சமாளிப்பார்கள். தமிழுக்குப் போதாது. சிறிய எழுத்தில் ணகரத்தின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டி னகரம் போலத் தெரியும். மெய்யின் புள்ளி மேல்வரி எழுத்தின் காலோடு கலந்துவிடும். ஒப்புநோக்குபவர், புத்தகம் பக்கமாக்குபவர், தமிழில் சத்தியக் கடதாசி தட்டச்சு செய்பவர் எல்லோருடைய கண்ணும் பிழையும் இதில் தங்கியிருக்கிறது.

மெக் மினி வாங்குபவர்களுக்கு இதிலே ஒரு குறிப்பு. 2018 இல் வந்த மொஹாவே பதிப்பிலிருந்து மெக்கில் எழுத்தின் விளிம்பைச் சீராக்கும் பழைய முறை போய்விட்டது. அதனால் 27 அங்குல 1440பி (2560க்கு 1440 பிக்சல்) மொனிட்டரில் எழுத்து கொஞ்சம் மங்கலாகத் தெரியும். 4கே எடுங்கள்.

நிறம் இன்னொரு பிரச்சினை. மலிவுத் திரைகள் சில, திரைகளுக்குப் பொது அளவுகோலாக இருக்கும் எஸ்ஆர்ஜிபி நிறப் பரப்பில் மூன்றில் இரண்டு பங்கைக்கூட எட்டுவதில்லை. கல்யாண அல்பம் செய்பவர் அப்படி ஒரு திரையில் கூறைச் சேலையின் சிவப்பைச் சரிசெய்தால், அச்சாகி வரும்போது அது வேறு சிவப்பாக நிற்கும். மணமகளின் அம்மா ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். ஐமெக்கின் திரை இந்த விஷயத்தில் கவலையே தராது. வின்டோஸ் ஓல்-இன்-வன் என்றால் எஸ்ஆர்ஜிபி எத்தனை சதவீதம் என்று விவரத்தாளில் எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதாமல் விட்டிருந்தால் நிற வேலைக்கு அதை நம்ப வேண்டாம். தனி மொனிட்டரில் உங்கள் தொழிலுக்கு ஏற்ற திரையை நீங்களே தெரிவு செய்யலாம், உயரத்தையும் கழுத்துக்கு ஏற்ற மாதிரி வைக்கலாம். ஐமெக்கின் தாங்கியைச் சரிக்கலாம், உயர்த்த முடியாது.

வீடியோ எடிட் செய்பவர்களுக்கு ஓல்-இன்-வன் பற்றி யோசிக்கவே வேண்டாம் என்பேன், ஐமெக்கில் சிறிய வேலைகளைத் தவிர. வின்டோஸ் ஓல்-இன்-வன்கள் பெரும்பாலானவற்றுக்குள் இருப்பது லெப்டொப் வகைச் சிப். கிராபிக்ஸ் கார்ட் போட இடமில்லை. ஏசி இல்லாத அறையில் நீண்ட ரெண்டர் ஓடினால், சூட்டைத் தாங்க முடியாமல் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இந்த வேலைக்கு டவர்தான்.

மின்சாரத்தில் நிலைமை வேறு மாதிரி. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோம். அந்தக் காலம் போய்விட்டாலும், 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி போல நாடு முழுக்க ஒரேயடியாக இருளடைவதும் நடக்கத்தான் செய்கிறது. ஓல்-இன்-வன் குறைந்த மின்சாரத்தில் ஓடும், யூ.பி.எஸ்.ஸில் ஒரே ஒரு பிளக். பெரிய கிராபிக்ஸ் கார்ட் போட்ட டவர் சாதாரண 650 விஏ யூ.பி.எஸ்.ஸைத் திணறடிக்கும். இது ஓல்-இன்-வன்னுக்குக் கிடைக்கும் நியாயமான புள்ளி. ஆனால் மெக் மினி போன்ற சிறிய பெட்டிகள் வந்த பிறகு அந்தப் புள்ளியும் தேய்ந்துவிட்டது. எம்4 மினி உச்சத்தில் எடுப்பதே 65 வாட். மொனிட்டரையும் சேர்த்து நூறு வாட்டைச் சுற்றித்தான் வரும். லெப்டொப்பையே கணினியாக வைத்து மொனிட்டரில் யூ.எஸ்.பி.-சி கேபிளால் இணைப்பவருக்கு இன்னும் நிம்மதி. கரண்ட் போனால் திரை மட்டும்தான் அணையும், கோப்பு பிழைத்துக்கொள்ளும்.

மரைன் டிரைவ் பக்கம் இருப்பவர்கள் உப்புக்காற்றையும் நினைக்க வேண்டும். விசிறி இழுக்கும் காற்றோடு ஈரமும் உப்பும் தூசியும் உள்ளே போகும். திறந்து துப்புரவாக்கச் சுலபமான பெட்டிதான் அங்கே அதிக காலம் இருக்கும்.

ஓல்-இன்-வன் யாருக்கு? புதுக்கடையில் ஒரு மேசையும் இரண்டு கதிரையும் போட்டால் நிறைந்துவிடும் அறையில் இருக்கும் சட்டத்தரணிக்கு. நோயாளியின் பெயரைப் பதிந்து பற்றுச்சீட்டு கொடுக்கும் கிளினிக் முன்மேசைக்கு. நாள் முழுக்க வெளிநாட்டு வாடிக்கையாளரோடு வீடியோ அழைப்பில் இருந்து, எழுத்து வேலை மட்டும் செய்பவருக்கு. கெமராவும் மைக்கும் ஸ்பீக்கரும் ஒன்றுக்கொன்று சண்டை பிடிக்காமல் வேலை செய்வது பெரிய விஷயம். ஒரே கேபிள், ஒரே வாரண்டி. திரை பிழையா சிபியூ பிழையா என்று இரண்டு கடைகளுக்கு நடுவில் அலைய வேண்டியதில்லை. இவர்களுக்கு நான் தயங்காமல் ஓல்-இன்-வன் சொல்வேன், மூன்று வருட வாரண்டியோடு.

இரண்டு திரை வேண்டிய கணக்காளருக்கு, ஒரு பக்கம் எக்செல்லும் மறுபக்கம் வரித் திணைக்களத்தின் ராமிஸ் பக்கமும் திறந்திருக்க, ஓல்-இன்-வன் பக்கத்தில் இன்னொரு மொனிட்டரை வைத்தால் இரண்டின் உயரமும் நிறமும் ஒத்துவராது. ஒரே மாதிரி இரண்டு மொனிட்டர் வாங்குவது மேல். அவற்றில் ஒன்றின் பின்னால் ஒரு லீற்றர் அளவுக் குட்டிக் கணினியைப் பூட்டிவிட்டால் மேசையில் பெட்டியே தெரியாது. லெனோவோவின் திங்க்சென்டர் டைனி, டெல்லின் ஒப்டிபிளெக்ஸ் மைக்ரோ எல்லாம் அந்த வகை, பதினெட்டு சென்ரிமீற்றர் சதுரம். டைனியைத் தனக்குள் சொருகிக்கொள்ளும் டைனி-இன்-வன் மொனிட்டரையும் லெனோவோ விற்கிறது. ஓல்-இன்-வன்னின் ஒழுங்கும் தனித்தனியாக மாற்றும் வசதியும் ஒன்றாக வேண்டுமென்றால் இதுதான் வழி.

ஒரேயடியாக வாங்கக் காசு போதாவிட்டால் மொனிட்டரை முதலில் நல்லதாக எடுங்கள். இருக்கிற லெப்டொப்பையோ பாவித்த குட்டிக் கணினி ஒன்றையோ சொருகி ஒரு வருடம் ஓட்டலாம். கடைக்குப் போகும்போது நீங்கள் தினமும் திறக்கும் கோப்பு ஒன்றை பென் டிரைவில் கொண்டுபோங்கள்: அழைப்பிதழோ, வரைபடமோ, கணக்குத் தாளோ. கடைக்காரர் ஓட்டிக் காட்டும் வீடியோ எல்லாத் திரையிலும் அழகாகத்தான் இருக்கும். உங்கள் கோப்பைத் திறந்து, வீட்டில் இருக்கும் தூரத்தில் கதிரையைப் போட்டு இருந்து வாசித்துப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.