ஷேர்லி ஜக்சனின் 'லொத்தர்' தொகுப்பு: 850 ரூபாவுக்கு ஒரு பழைய பிரதி

அமெரிக்க எழுத்தாளர் ஷேர்லி ஜக்சனின் இந்த ஆங்கிலச் சிறுகதைத் தொகுப்பைக் கண்டிக்குப் போனபோது ஒரு பழைய புத்தகக் கடையில் வாங்கினேன். முதுகுப் பசை காய்ந்து கிடக்கிறது. ஓரமெல்லாம் பூஞ்சணப் புள்ளி. விரித்துப் பிடித்தால் நடுவில் நான்கு தாள் கையோடு வந்துவிடுகிறது. எழுத்தும் பொடி. சாமான் என்று பார்த்தால் ஐந்துக்கு இரண்டு போடலாம், அதுவும் விலைக்காக.

ஆனால் கோச்சி நாவலப்பிட்டி தாண்டி மலையேறத் தொடங்கும்போது தலைப்புக் கதையைத் திறந்தவள், வட்டவளை வருவதற்குள் முடித்துவிட்டு, ஹட்டனில் இறங்கும்வரை ஜன்னலுக்கு வெளியே ஒன்றையும் பார்க்கவில்லை.

கதை வந்தது 1948 ஜூன் 26 தேதியிட்ட நியூயோர்க்கர் சஞ்சிகையில். கதைக்குள்ளும் ஜூன் 27, நல்ல வெயில். முந்நூறு பேர் வாழும் கிராமம். பத்து மணிக்குக் கூடினால் பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம். ஒரு கறுப்புப் பெட்டி, உள்ளே மடித்த துண்டுகள், பெயர் வாசிக்க வாசிக்க ஆட்கள் வந்து எடுக்கிறார்கள். தேயிலைத் தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவதைக் கேட்டு வளர்ந்தவளுக்கு இதிலென்ன புதுமை? லயத்து வரிசை வீடுகளில் பெண்கள் சீட்டுப் பிடித்து, பால்மா டின்னில் பெயர் போட்டுக் குலுக்குவதும் இப்படித்தான்.

அந்தப் பெட்டி மற்ற நாட்களில் எங்கே இருக்கும் தெரியுமா? ஒரு வருடம் ஒருவருடைய கொட்டகையில், இன்னொரு வருடம் தபால் கந்தோரில் காலில் இடறுகிறபடி, சில நேரம் பலசரக்குக் கடைத் தட்டில். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது இந்த இடத்தில்தான். வேறொரு பேய்க்கதைக்காரர் என்றால் அதை நிலவறையில் பூட்டி ஒரு ஆந்தையையும் காவலுக்கு வைத்திருப்பார்.

டெஸி ஹட்சின்சன் என்பவள் பிந்தி வருகிறாள். இன்றைக்குத்தான் அது என்பதையே மறந்துவிட்டாளாம். ஈரக் கையை ஏப்ரனில் துடைத்தபடி ஓடிவருகிறாள். இதற்கு மேல் சொல்லமாட்டேன்.

ஜக்சனைச் சூனியக்காரி என்றே பலர் எழுதினார்கள். அவரும் அந்தப் பேச்சுக்குத் தீனி போட்டவர்தான். வீடு நிறையப் பூனைகள், அலமாரி நிறைய மாந்திரீகப் புத்தகங்கள். ஜக்சன் வாழ்ந்த வேர்மொண்ட் மாநிலத்தில் ஒரு பதிப்பாளர் பனிச்சறுக்கில் காலை உடைத்துக்கொண்டபோது, அது தன் வேலைதான் என்று வேடிக்கையாகச் சொல்வாராம். மாநில எல்லை தாண்டிச் செய்வினை பலிக்காது என்பதால், ஆள் வேர்மொண்டுக்குள் வரும்வரை காத்திருந்தாராம்! எங்கள் பக்கத்துக் கோடாங்கிகள் யாரும் இவ்வளவு சட்டம் பார்ப்பதில்லை.

இந்தக் கதை தோன்றியதோ, பிள்ளையையும் வீட்டுச் சாமானையும் தள்ளுவண்டியில் வைத்து மேட்டில் தள்ளிக்கொண்டு வரும்போது. அதைப் பிற்பாடு ஓர் உரையில் அவரே சொன்னார். முதுகில் கூடையோடு மலையேறும் பெண்களுக்கு என்னென்ன தோன்றுகிறதோ, யார் கேட்டோம். கதை வந்த கோடையில் அவருக்கு முந்நூற்றுச் சொச்சம் கடிதங்கள். அதில் அன்பாக எழுதியவை பதின்மூன்றுதானாம், அவையும் பெரும்பாலும் நண்பர்களுடையவை. பெற்ற தாயே கதை பிடிக்கவில்லை என்று எழுதிவிட்டார். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனபோது தொழில் என்ன என்று கேட்க, எழுத்தாளர் என்றாராம். இல்லத்தரசி என்றே போட்டுக்கொள்கிறேன் என்றாளாம் கேட்டவள்.

எல்லாக் கதையும் இப்படி இல்லை. நியூயோர்க் வீடுகளில் பேசிக்கொண்டே இருக்கும் சில கதைகள் சவசவ என்றிருந்தன. 'சார்ள்ஸ்' மட்டும் ஆசிரியர் அறையில் இருக்க வேண்டிய கதை. புதிதாகப் பள்ளிக்குப் போகும் பையன், வகுப்பில் சார்ள்ஸ் செய்த குழப்படிகளை நாளும் வந்து வீட்டில் சொல்கிறான். பெற்றோர் கூட்டத்துக்குப் போகும் தாய்க்கு அந்தச் சார்ள்ஸின் அம்மாவைப் பார்க்க ஆசை. அப்புறம் நீங்களே வாசியுங்கள்.

'லொத்தர்' கதையை அம்மாவுக்குத் தமிழில் முழுக்கச் சொன்னேன். முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார்.

"பாத்திரத்த அப்படியே போட்டுட்டா வந்தா அவ?"

"இல்ல, கழுவி வச்சிட்டுத்தான் வந்தா."

முடிவைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"அவளோட கடைசிப் புள்ளைக்கு எத்தன வயசு?"

"சின்னவன்ம்மா."

"அவனுமா?" என்றார்.