இரண்டு தையல் மிஷின்களும் ஒரு பாபின் கேஸும்

புது மிஷின் வந்து பதினெட்டு மாதம் ஆகிறது. பழையது அத்தை கொடுத்தது. என் கையில் இருபத்திரண்டு வருடமாக ஓடுகிறது. துணி தைப்பதுதான் என் பிழைப்பு. பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, சட்டை, திரைச்சீலை, மெத்தை உறை என்று தினமும் ஏழெட்டு மணி நேரம் இந்த இரண்டின் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். மிஷின் வாங்க நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுத ஆரம்பித்தேன். எங்கள் வீட்டில் அண்ணனுக்கும் சித்தப்பாவுக்கும் ஓயாமல் நடக்கும் வாக்குவாதமும் கூடவே உள்ளே வந்துவிட்டது. அதை வெளியே தள்ள மனமில்லை. மிஷினைப் பற்றிய என் கருத்து உருவானதே அந்தப் பேச்சைக் கேட்டுத்தான்.

முதலில் புதியதைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். பிளாஸ்டிக் உடம்பு, உள்ளேயே மோட்டார், இருபதுக்கு மேல் தையல் வகை, தூக்கினால் ஒரு கைக்கு அடங்கும் கனம். வந்த முதல் வாரமே என் வேலையை மாற்றிவிட்டது. காஜா எடுப்பதைச் சொல்ல வேண்டும். முன்பு ஒரு சட்டைக்கு ஏழு காஜாவைக் கையால் எடுக்க ஒரு மாலைப் பொழுது போய்விடும். இதில் காஜா ஃபுட்டின் பின்பக்கம் பட்டனைச் செருகினால் போதும், நீளத்தை அதுவே அளந்துகொள்கிறது. ஒரு பக்கம் இறங்கி, முனையில் கட்டி, மறுபக்கம் ஏறி நின்றுவிடும். ஏழும் பத்து நிமிடம். பனியன் துணி மாதிரி இழுபடுகிற துணிக்கு ஜிக்ஜாக், அதாவது வளைந்து வளைந்து போகிற தையல், இல்லாமல் சரியாகத் தைக்க வராது. பழைய மிஷினில் அந்த வேலை வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். இப்போது வாங்கிக்கொள்கிறேன். விளக்கு நல்ல வெளிச்சம். சத்தம் குறைவு. இதையெல்லாம் மறைத்துவிட்டுக் குறை மட்டும் சொன்னால் நியாயமாக இருக்காது.

பதினாலாவது மாதம் ஒரு நாள் ஜிக்ஜாக் வைத்தால் ஊசி ஒரே பக்கமாகக் குத்த ஆரம்பித்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு 'டக்'. மேல்மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே வெள்ளை நைலான் பல்சக்கரம். நடுவில் தண்டு போகிற துளையிலிருந்து பல் இடுக்கு வரைக்கும் மயிரிழை மாதிரி ஒரு விரிசல். விரலால் மெல்லச் சுற்றினால் விரிசல் வருகிற இடத்தில் அந்த ஒரு இடுக்கு மட்டும் கொஞ்சம் வாய் திறக்கிறது. அங்கேதான் 'டக்'. அவ்வளவுதான் பழுது. மோட்டார் நன்றாக இருக்கிறது, நேர்த்தையல் ஒழுங்காக விழுகிறது, விளக்கு எரிகிறது.

பழுது பார்ப்பவர் நல்ல வேலைக்காரர். பார்த்ததும் சொல்லிவிட்டார்: "இது தனியா வராதும்மா, முழு செட்டாத்தான் வரும். இந்த மாடலுக்கு அந்த செட்டும் நின்னுபோச்சு." உத்தரவாதம் பன்னிரண்டு மாதத்தோடு முடிந்திருந்தது.

அன்று இரவு வீட்டில் சண்டை தொடங்கியது.

அண்ணனுக்கு இதில் குழப்பமே இல்லை. "விலை குறைச்சலா வாங்கின. பதினாலு மாசம் சம்பாதிச்சுக் கொடுத்திருக்கு. அரசாங்கம் குறுக்கே நிக்காம விட்டதாலதானே இப்படி ஒரு மிஷின் உன் கைக்கு வந்தது? எங்கே நல்லா மலிவாச் செய்ய முடியுமோ அங்கே செய்யட்டும்." சித்தப்பா இருபத்தாறு வருடம் ஒரு ஆலையில் லேத் ஓட்டியவர். அது மூடிப் பல வருடம் ஆகிறது. அவர் விரிசல் விட்ட சக்கரத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டே பேசினார். "இந்த மாதிரி சக்கரம் வெட்டத் தெரிஞ்ச நூறு பேர் எங்க ஷெட்டுல இருந்தாங்க. இன்னிக்கு அந்த இடம் கிடங்கு. வெளியிலிருந்து வர்ற சரக்குக்கு வரி போட்டிருந்தா இந்தக் கதி வந்திருக்காது. சந்தை பாத்துக்கும்னு விட்டா, சந்தை உன் மிஷினைக் குப்பையிலதான் போடும்."

"இல்ல சித்தப்பா, வரி போட்டா பாப்பாவுக்கு மிஷினே கிடைச்சிருக்காது" என்பான் அண்ணன். இப்படியே போகும். இரண்டு பேர் சொல்வதிலும் என் அனுபவத்தில் ஒத்துப்போகிற பாதி இருக்கிறது, அதனால்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, பழைய மிஷினுக்கு வருகிறேன். சிங்கர் 15கே. கறுப்பு வார்ப்பிரும்பு, கால் மிதி, தோல் பெல்ட். தங்க நிறப் பூவேலை கைபட்டு அழிந்துவிட்டது. நேர்த்தையல் மட்டும்தான், வேறு ஒன்றும் தெரியாது. ஆனால் ஜீன்ஸ் துணியை நாலு மடிப்பாக வைத்தாலும் முனகாமல் போகும். வாரம் ஒருமுறை துளைக்கு ஒரு சொட்டு எண்ணெய். அது கேட்பது அவ்வளவே.

ஐந்து வருடம் முன்பு இதன் பாபின் கேஸ், அதாவது அடிநூல் உருளையைப் பிடித்து வைக்கும் சின்ன உலோகக் கூடு, தேய்ந்து நூல் வழுக்க ஆரம்பித்தது. புதிதாக ஒன்று வாங்கினேன். மேலே எந்தப் பெயரும் இல்லை, இந்த மிஷினைச் செய்த நாட்டிலிருந்து வந்ததும் இல்லை. உள்ளே வைத்து அழுத்தினேன், 'கிளிக்' என்று உட்கார்ந்தது. நூலைப் பிடித்துத் தொங்கவிட்டு லேசாக உதறினால் ஒரு விரற்கடை இறங்கி நிற்க வேண்டும். பக்கத்து ஸ்குருவைக் கால் சுற்று முடுக்கியதும் அப்படியே நின்றது. என் வயதைவிட மூத்த மிஷினுக்கு, யாரோ முகம் தெரியாத ஆள் செய்த உறுப்பு, மயிரளவு பிசகாமல் பொருந்துகிறது. பதினாலு மாத மிஷினுக்கு ஒரு சக்கரம் கிடைக்கவில்லை. இது எப்படி என்று தேடிப் படித்தேன்.

15கே என்பதில் உள்ள 'கே', கில்போவியைக் குறிக்கும். ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் ஊரில் சிங்கர் ஆலை நின்ற இடம் அது. 1885ல் திறந்த அந்த ஆலை, 1913ல் ஒரே வருடத்தில் பத்து லட்சத்துக்கு மேல் மிஷின் அனுப்பியது. 1911ல் அங்கே சுமார் 11,000 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள் என்றால் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். 1980ல் மூடிவிட்டார்கள். ஆலை இடிக்கப்பட்டு அங்கே பல கம்பெனிகள் இருக்கும் பிசினஸ் பார்க் வந்துவிட்டது. ஆனால் பக்கத்து ரயில் நிலையத்தின் பெயர் இன்றும் சிங்கர்தான்.

சித்தப்பா இதைக் கேட்டதும் கண் கலங்கிவிட்டார். ஆனால் இன்னொரு விஷயமும் அதில் இருந்தது. சிங்கர் அமெரிக்கக் கம்பெனி. அது 1867லேயே கிளாஸ்கோவில் ஆலை போட்டதற்குக் காரணம், அங்கே கூலி குறைவு, இரும்பும் கப்பலும் பக்கத்தில். கிளைட்பேங்கிலிருந்து வேலை போன அதே காரணத்துக்காகத்தான் அங்கே வேலை வந்ததும். இதைச் சொன்னபோது இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அண்ணனுக்கும் ஒன்று சொன்னேன்: இந்த மிஷின் சுதந்திரச் சந்தையில் தானாக முளைத்தது இல்லை. 1856ல் பெரிய கம்பெனிகள் தங்கள் காப்புரிமைகளை ஒன்றாகச் சேர்த்து வைத்துக்கொண்டு, மிஷின் செய்கிற மற்ற எல்லோரிடமும் கப்பம் வாங்கினார்கள். 1877ல் அந்த உரிமைகள் காலாவதியான பிறகுதான் போட்டி வந்தது. காப்புரிமை யார் கொடுப்பது? அரசாங்கம்தானே.

நான் தேடிய பதில் ஜப்பானில் இருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஆயுதம் செய்த பட்டறைகள் வேலையில்லாமல் நின்றன. துப்பாக்கி செய்த ஜூகி கம்பெனி தையல் மிஷினுக்கு மாறியது அப்போதுதான். தனித்தனியாக ஆளுக்கொரு மிஷின் செய்தால் எடுபடாது என்று அரசாங்கமும் தயாரிப்பாளர்களும் சேர்ந்து, சிங்கர் 15ஐ ஒட்டி ஒரே ஒரு வரைபடத்தைப் பொதுவாக வைத்தார்கள். எச்ஏ-1 என்று பெயர். ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரே அளவு. ஒரு சின்னப் பட்டறை பாபின் கேஸ் மட்டும் செய்யலாம், இன்னொன்று தண்டு மட்டும். யார் செய்தாலும் யாருடைய மிஷினிலும் பொருந்தும். ஏற்றுமதிக்கு முன்னால் தரச் சோதனை கட்டாயம். 1957ல் அதற்கென்றே சட்டம் வந்தது. ஆலைகளை அரசாங்கம் நடத்தவில்லை. அளவுகோலையும் சோதனையையும் கையில் வைத்துக்கொண்டது. அந்தப் பட்டறைகளுக்குள் போட்டி கடுமையாக இருந்தது. அப்போது ஜப்பானில் இறக்குமதிக்கும் அந்நியச் செலாவணிக்கும் கெடுபிடி இருந்ததும் உண்மைதான். சித்தப்பா அதைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார்.

வீட்டு மிஷின் ஊசி வாங்கினால் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் எச்ஏx1 என்றும் 15x1 என்றும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டிருக்கும். இருபது வருடமாக அந்தப் பாக்கெட்டைக் கிழித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அதில் இருப்பது அந்த வரைபடத்தின் பெயர் என்று இப்போதுதான் தெரிந்தது.

வரி மட்டும் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் சலவை மிஷின் கதை இருக்கிறது. 2018 ஜனவரியில் இறக்குமதிச் சலவை மிஷின்களுக்கு, முதல் 12 லட்சத்துக்கு 20 சதவீதமும் அதற்கு மேல் 50 சதவீதமும் வரி போட்டார்கள். சலவை மிஷின் விலை சுமார் 12 சதவீதம் ஏறியது. வரியே போடாத துணி உலர்த்தும் மிஷினும் விலை ஏறியது, இரண்டையும் ஜோடியாகத்தான் வாங்குவார்கள் என்பதால். சுமார் 1,800 பேருக்கு வேலை கிடைத்தது. ஒவ்வொரு வேலைக்கும் வாங்குகிறவர்கள் வருடத்துக்கு 8 லட்சம் டாலருக்கு மேல் கூடுதலாகக் கொடுத்தார்கள் என்று பொருளியலாளர்கள் கணக்குப் போட்டார்கள். வேலை கிடைத்த அந்த 1,800 குடும்பங்களை நான் லேசாக நினைக்கவில்லை. சித்தப்பாவின் ஆலை மூடிய வருடம் எங்கள் வீடு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் என் உடைந்த சக்கரத்துக்கு அந்த வரி ஒன்றும் செய்திருக்காது. உள்ளூரில் செய்த மிஷினிலும் வேறெதற்கும் பொருந்தாத சக்கரத்தை வைத்து, இரண்டு வருடத்தில் மாடலை நிறுத்தலாம்.

அரசாங்கம் பெரியதா சின்னதா என்று அளப்பதில் எனக்கு ஆர்வம் போய்விட்டது. அது எந்த இடத்தில் கை வைக்கிறது என்பதே எனக்கு முக்கியம். மிஷினை யாரும் எங்கேயும் செய்யட்டும், விற்கட்டும். ஆனால் தேயும் உறுப்புக்குப் பொது அளவு இருக்க வேண்டும், உதிரி இத்தனை வருடம் கிடைக்க வேண்டும் என்று சொல்ல ஒரு கை வேண்டும். அந்தச் சட்டம் இருந்தால் என் பழுதுபார்ப்பவர் பிழைப்பார், சித்தப்பா மாதிரி லேத் ஆட்கள் சக்கரம் வெட்டுவார்கள். உள்நாட்டுத் தொழில் என்பது முதலில் இந்தச் சின்னப் பட்டறைகளில்தான் உயிரோடு இருக்கும் என்று நான் நம்புகிறேன். ஐரோப்பிய ஒன்றியம் 2024ல் பழுதுபார்க்கும் உரிமைக்கு ஒரு சட்டம் கொண்டுவந்தது. சலவை மிஷின், குளிர்பதனப் பெட்டி, கைபேசி எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. தையல் மிஷின் இல்லை. எனக்கு அது வருத்தம்தான்.

வாங்குகிறவர்களுக்கு: வீட்டுக்கு எப்போதாவது தைப்பவர் என்றால் புதிய வகையை வாங்குங்கள், காஜாவுக்காகவே வாங்கலாம். வாங்கும் முன் மேல்மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே இருப்பது நைலான் சக்கரமா, அது தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். பதில் இழுத்தால் வேறு பாருங்கள். தைப்பதே தொழில் என்றால் பக்கத்தில் ஒரு பழைய 15 வகை இருக்கட்டும். தண்டு ஆடாமல், கைச்சக்கரம் லேசாகச் சுற்றினால் போதும், மற்றதெல்லாம் மாற்றிக்கொள்ளலாம்.

விரிசல் விட்ட சக்கரம் இப்போது சித்தப்பாவின் மூக்குக் கண்ணாடிக் கூட்டில் இருக்கிறது. பல்லை எண்ணிவிட்டார், வெர்னியரால் அளந்து வரைந்தும் வைத்திருக்கிறார். வெட்டித் தர இரண்டு பேரைக் கேட்டோம். ஒருவர் பல்லின் சாய்வு தன் மிஷினில் வராது என்றார். மற்றவர் பார்த்துச் சொல்கிறேன் என்று வரைபடத்தை வாங்கிப் போயிருக்கிறார். அதுவரை காஜாவைக் கையால்தான் எடுக்கிறேன்.