வேகன் ஆரைக் கொடுத்துப் பலேனோ எடுத்த அனுபவம், இரண்டு வருடம் கழித்து

2012-ல் வாங்கிய வேகன் ஆர் காரை 2023 டிசம்பரில் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துப் பலேனோ எடுத்தேன். புது வண்டியைப் பற்றிக் குறை ஒன்றுமில்லை. மதுரைக்குள் லிட்டருக்கு 15, நான்குவழிச் சாலையில் 20 கொடுக்கிறது. நான் சொல்ல வந்தது பழைய வண்டியைக் கொடுத்த கதை. பணம் கைவிட்டுப் போவது அங்கேதான்.

முதலில் போன ஷோரூமில் உட்கார்ந்ததுமே, “பழைய வண்டி இருக்கா சார்?” என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “1,90,000 போட்டுக்கலாம்” என்றார்கள். நல்ல விலை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கொட்டேஷனை வரி வரியாகப் படித்தது என் மனைவிதான். அந்த 1,90,000-க்குள்ளேயே 25,000 எக்ஸ்சேஞ்ச் போனஸ் இருந்தது. பழைய வண்டி கொடுக்கும் யாருக்கும் கிடைக்கும் சலுகை அது. என் வண்டிக்கு அவர்கள் போட்ட விலை 1,65,000 மட்டுமே. மற்றவர்களுக்குக் கொடுத்த வருடக்கடைசித் தள்ளுபடியும் எங்கள் கொட்டேஷனில் காணவில்லை.

அடுத்த ஷோரூமில் பழைய வண்டிப் பேச்சையே எடுக்கவில்லை. எல்லாத் தள்ளுபடியும் போக, வரி, பதிவு, இன்ஷூரன்ஸ் சேர்த்த ஆன்ரோடு விலை எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொண்டேன். அப்புறம் எங்கள் மெக்கானிக்கிடம் போனேன். டயர் மாற்றட்டுமா என்று கேட்டதற்கு, “வேண்டாம் சார், போட்ட காசு திரும்பாது. உள்ளே சுத்தம் பண்ணி, ஹெட்லைட்டை மட்டும் பாலிஷ் போடுங்க” என்றார். 2,500 ரூபாயோடு வேலை முடிந்தது. சர்வீஸ் பில்களைத் தேதி வாரியாக அடுக்கி, பழைய கார் வாங்கும் இரண்டு இடங்களில் காட்டினேன். பின்கதவில் டிங்கரிங் பார்த்து பெயிண்ட் அடித்ததை நானே முதலில் சொல்லிவிட்டேன். பெயிண்ட் கனத்தை அளக்கும் மீட்டர் வைத்தால் தெரிந்துவிடும். மறைத்தது தெரிந்தால் வண்டி முழுக்கவே சந்தேகம் வந்துவிடும். அங்கே கிடைத்த அதிக விலை 2,05,000.

அதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டாவது ஷோரூமுக்குத் திரும்பினேன். வண்டிக்கு 2,00,000, தனியாகப் போனஸ் 25,000 என்று முடிந்தது. போனஸ் ஷோரூமில் கொடுத்தால்தான் உண்டு என்பதால், வெளியே விற்பதைவிட 20,000 லாபம். முன்பு எழுதிக் கொடுத்த ஆன்ரோடு விலையில் ஒரு ரூபாய்கூட ஏற்றக் கூடாது என்பதில் மட்டும் உறுதியாக நின்றேன்.

இன்ஷூரன்ஸில் ஒரு விஷயம். ஐந்து வருடமாக கிளெய்ம் எடுக்காததால் எனக்கு 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ் இருந்தது. அது வண்டியோடு போவதில்லை, நம்மோடு வரும். வண்டியைக் கொடுத்த அத்தாட்சியைக் காட்டி, பழைய கம்பெனியில் கடிதம் வாங்கிப் புது பாலிசியில் சேர்த்தேன். மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு இது பொருந்தாது. சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் மட்டும் பாதியாகக் குறைந்தது. நாமாகக் கேட்காவிட்டால் யாரும் ஞாபகப்படுத்துவதில்லை.

எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது மூன்று மாதம் கழித்து. பழைய வண்டி வேகமாகப் போனதற்கு என் போனுக்கு அபராதம் வந்தது. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தும், ஆர்சியில் என் பெயரே இருந்தது. அபராதம்கூடப் பெரிதில்லை. விபத்து நடந்திருந்தால்? பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒப்படைத்த தேதி, நேரம், கிலோமீட்டர் எல்லாம் எழுதி, சீல் வைத்த டெலிவரி நோட் என்னிடம் இருந்ததால்தான் ஷோரூம்காரர்கள் அபராதத்தைக் கட்டினார்கள். 2023 ஏப்ரல் முதல், அங்கீகாரம் பெற்ற டீலரிடம் வண்டியைக் கொடுத்தால் படிவம் 29சி மூலம் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்கும் வசதி இருக்கிறது. எனக்கு அது அப்போது தெரியாது. நீங்கள் கொடுக்கும்போது, டீலருக்கு அந்த அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அரசின் வாகனப் பதிவு இணையதளமான பரிவாகனில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தேன். மே மாதம்தான் பெயர் மாறியது.