41,300 ரூபாய் வாங்கிக்கொண்டு ஃபயர்வாலை அணைத்துவிட்டுப் போனார்கள்

சர்வரை வெளியாளிடம் பராமரிப்புக்குக் கொடுத்திருக்கும் சின்ன வியாபாரிகளுக்காக இதை எழுதுகிறேன். கம்பெனி பெயரைப் போடப் போவதில்லை. இன்பாக்ஸில் வந்து கேட்டாலும் சொல்ல மாட்டேன், கோவிக்க வேண்டாம்.

மதுரையில் எங்களுக்குப் புத்தகக் கடை. இணையத்திலும் விற்கிறோம், சுமார் 18,000 தலைப்புகள். தளம் ஓடுவது வேர்ட்பிரஸிலும், அதில் கடை நடத்த உதவும் வூகாமர்ஸிலும். வெப் சர்வர் ஒன்று, டேட்டாபேஸுக்குத் தனியாக ஒன்று. இரண்டையும் மாதம் 14,000 ரூபாய்க்கு ஒரு நிறுவனம் பார்த்துக்கொண்டிருந்தது. கடை பில்லிங்கில் இருக்கும் ஸ்டாக்கை அரை மணிக்கு ஒரு தடவை இணையக் கடையில் ஏற்றும் ஸ்கிரிப்ட்டும் அவர்கள் எழுதிக் கொடுத்ததுதான்.

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி நடக்கும்போது நாங்களும் இணையத்தில் தள்ளுபடி போடுவோம். எங்களுக்குத் தீபாவளி அப்போதுதான். இந்த முறை இரண்டாம் நாளே போன் வர ஆரம்பித்தது. "சார், பணம் கட்டப் போனா பேஜ் சுத்திக்கிட்டே இருக்கு." திறந்து பார்த்தால் வெள்ளைப் பக்கத்தில் ஒரே ஒரு வரி, டேட்டாபேஸுடன் இணைக்க முடியவில்லை என்று. பராமரிப்பு நிறுவனத்துக்கு டிக்கெட் (இணையப் புகார்) போட்டேன். பதில் வருவதற்குள் தளம் தானாக எழுந்துவிட்டது. "எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது, உங்கள் இணைய இணைப்பைப் பார்க்கவும்" என்றார்கள். அரை மணி கழித்து மறுபடி படுத்தது.

மூன்று நாள் இதே கூத்து. கடை நோட்டில் நேரத்தைக் குறித்து வைத்தேன். 11.02, 11.32, 12.02. ஒவ்வொரு தடவையும் இரண்டு, மூன்று நிமிடம். அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து டிக்கெட்டில் சேர்த்தேன். ஒருவரும் திறந்துகூடப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். பார்த்திருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும்.

முதலில் ராம் போதவில்லை என்றார்கள். 8 ஜிபியை 32 ஆக்கினார்கள், மாதம் 9,500 ரூபாய் கூடுதல். மறுநாள் 11.02க்கு டாணென்று விழுந்தது. அப்புறம் டேட்டாபேஸ் ஆப்டிமைசேஷன் செய்ய வேண்டும், சீனியர் இன்ஜினியர் உட்கார வேண்டும், 35,000 ஆகும் என்றார்கள். 18 சதவீத ஜிஎஸ்டியோடு 41,300. விற்பனை நாட்கள் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும்போது பேரம் பேசவா முடியும்? கட்டினேன். அன்று இரவோடு சரியாகிவிட்டது. நன்றி சொல்லி ஒரு மெயில் வேறு போட்டேன். என்ன மாற்றினீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை.

பெங்களூரில் சர்வர் வேலை பார்க்கும் அக்கா பையன் பொங்கலுக்கு வந்திருந்தான். கிளம்புவதற்கு முந்தின நாள், "41,000 ரூபாய்க்கு அப்படி என்னதான் பண்ணாங்க, காட்டுங்க மாமா" என்று லேப்டாப்பைத் திறந்தான். டேட்டாபேஸின் அமைப்புகளை எழுதி வைக்கும் கான்ஃபிக் ஃபைலில் கடைசியாகக் கைவைத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆப்டிமைசேஷன் நடந்ததாகச் சொன்ன இரவு 11.48க்கு இரண்டு சர்வரிலும் நடந்தது ஒன்றே ஒன்றுதான். வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலை நிறுத்தி, ரீபூட் செய்தாலும் எழாதபடி முடக்கியிருந்தார்கள்.

டேட்டாபேஸ் சர்வருக்குப் பொது ஐபி, அதாவது வெளியிலிருந்து யாரும் அணுகக்கூடிய இணைய முகவரி உண்டு. டேட்டாபேஸுக்குள் நுழையும் வாசலான 3306 போர்ட் பதினோரு நாள் உலகத்துக்கே திறந்து கிடந்திருக்கிறது. எங்கள் டேட்டாபேஸ் மென்பொருளான மரியாடிபியின் லாக்கில், எங்கெங்கிருந்தோ ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள பயனர்) என்ற பெயரில் பாஸ்வேர்டு போட்டுப் பார்த்த வரிகள், பக்கம் பக்கமாக. உள்ளே நுழைந்த தடயம் இல்லை. ஆனாலும் வாடிக்கையாளர் முகவரி எல்லாம் அதில்தானே இருக்கிறது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை.

5.20க்குப் பையன் ஃபயர்வாலைத் திரும்பப் போட்டுவிட்டு, "சும்மா வேடிக்கை பாருங்க" என்றான். 5.32க்குத் தளம் விழுந்தது. சர்வருக்குள் அவன் ஏற்கெனவே நுழைந்திருந்த விண்டோ மட்டும் ஜம்மென்று வேலை செய்தது, சிபியு ஆறு சதவீதத்தைத் தாண்டவில்லை. இன்னொரு விண்டோவில் புதிதாக நுழையப் பார்த்தால் விடவில்லை. சப்போர்ட் ஆட்கள் எப்போதும் "எங்கள் பக்கம் சரி" என்று சொன்னதன் ரகசியம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. பழைய இணைப்புக்கு ஒன்றும் ஆகாது, புதிதாக வருவதுதான் சாகும். பதில் வருகிறதா என்று பார்க்க, வெப் சர்வரிலிருந்து டேட்டாபேஸுக்கு பிங் போட்டான். 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்' என்று வந்தது. "ரூட்டா உட்கார்ந்திருக்கேன், பிங் போட எனக்கே அனுமதி இல்லையாம்" என்று சிரித்தான். லினக்ஸ் தன் கோளாறுகளை எழுதி வைக்கும் கெர்னல் லாக்கைத் திறந்தால் ஒரே வரி திரும்பத் திரும்ப: 'கான்ட்ராக் டேபிள் ஃபுல், டிராப்பிங் பாக்கெட்'.

எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். லினக்ஸ் ஃபயர்வால் அபார்ட்மென்ட் வாட்ச்மேன் மாதிரி. உள்ளே வரும், வெளியே போகும் ஒவ்வொரு இணைப்பையும் நோட்டில் எழுதிக்கொள்ளும். கான்ட்ராக் டேபிள் என்பது அந்த நோட்டுதான். எங்கள் சர்வரில் அதற்கு 65,536 வரி. நோட்டு நிரம்பிவிட்டால் புதிதாக வருகிறவரை வாட்ச்மேன் திருப்பிக்கூட அனுப்புவதில்லை, பேசாமல் இருந்துவிடுகிறார். பேசி முடித்துப் போனவரின் வரியையும் உடனே அடிப்பதில்லை, 120 நொடி வைத்திருக்கிறார். அதாவது நொடிக்கு 546 புது இணைப்புக்கு மேல் தொடர்ந்து வந்தால், போனவர்களின் பெயரே நோட்டை நிரப்பிவிடும்.

நிரப்பியது யார்? அவர்கள் எழுதிய ஸ்டாக் ஸ்கிரிப்ட். ஒவ்வொரு புத்தகத்துக்கும் டேட்டாபேஸுக்கு ஒரு புது இணைப்பு, ரெடிஸுக்கு (வேகத்துக்காகத் தகவலைத் தற்காலிகமாக வைக்கும் இடம்) ஒன்று, பக்கத்தைப் புதுப்பிக்க ஒன்று. 18,000ஐ மூன்றால் பெருக்கினால் 54,000. ஒன்றரை நிமிடத்தில் அத்தனையும் முடிந்துவிடும், அதனால் ஒரு வரியும் அழிந்திருக்காது. சாதாரண நாளில் மிச்ச இடம் வாடிக்கையாளருக்குப் போதும். தள்ளுபடி நாளில் போதாது. ராம் ஏற்றியும் பலிக்காததற்குக் காரணம், 65,536 என்ற எண்ணை அவர்களே ஒரு ஃபைலில் எழுதி வைத்திருந்தார்கள். 320 ஜிபி போட்டிருந்தாலும் அந்த எண் அசையாது.

ஃபயர்வாலை அணைத்தால் நோட்டே கிடையாது, பிரச்சினையும் கிடையாது. கோளாறு ஃபயர்வாலில் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது என்பதுதான் எனக்கு ஆறவில்லை. தெரியாமல் செய்திருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

பையன் ஸ்கிரிப்ட்டை, மொத்த ஓட்டத்துக்கும் ஒரே இணைப்பைப் பிடித்துக்கொள்ளும்படி மாற்றினான். அரை மணி நேர வேலை. நோட்டின் வரம்பை 2,62,144 ஆக்கி, ஃபைலிலும் எழுதினான். கமாண்டில் மட்டும் மாற்றினால் அடுத்த ரீபூட்டில் பழைய எண் திரும்பிவிடுமாம். முடிக்காமல் அறுந்த இணைப்பின் வரியை 5 நாள் வைத்திருக்கும் கணக்கை ஒரு மணி நேரமாகக் குறைக்கலாமே என்று கேட்டேன். வேண்டாம் என்றான். சும்மா இருக்கும் இணைப்பை லினக்ஸின் கீப்அலைவ் 2 மணி நேரம் கழித்துத்தான் முதலில் தட்டிப் பார்க்கும். அதற்குள் வரியை அடித்துவிட்டால் நாள் முழுக்கத் திறந்திருக்கும் ரிப்போர்ட் புரோகிராம் தொங்கும், அது வேறு தலைவலி என்றான்.

உங்கள் தளமும் கூட்டம் வரும்போது மட்டும், குறிப்பிட்ட இடைவெளியில், சிபியு சும்மா இருக்கும்போதே விழுகிறதா? ராமுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் கான்ட்ராக் கவுண்ட் (நோட்டில் உள்ள வரி) எவ்வளவு, மேக்ஸ் (அதன் வரம்பு) எவ்வளவு என்று விழும் நேரத்திலேயே எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு எண்தான், ஒரு நிமிட வேலை. எதைச் சரிசெய்தாலும் எந்த ஃபைலில் என்ன மாற்றினார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள்.

கம்பெனியிடம் கேட்டதற்கு, "ஃபயர்வால் சோதனைக்காகத் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது, மீண்டும் இயக்கத் தவறிவிட்டோம்" என்று இரண்டு வரி வந்தது. பணத்தைத் திருப்பித் தர மாட்டார்களாம், அடுத்த மாத வாடகையில் பாதி கழிப்பார்களாம். நான் பிப்ரவரியோடு விலகிவிட்டேன். ஜனவரி பில் இன்னும் மேஜையில் இருக்கிறது. அதில் நான்காவது வரி: ஃபயர்வால் பராமரிப்பு, 1,500 ரூபாய்.